நாற்பது தொண்டை, ஒரு காது

ஒருவர் பாடுவதைவிட நாற்பது பேர் சேர்ந்து பாடினால் எத்தனை மடங்கு சத்தமாகக் கேட்கும்? நாற்பது மடங்கு என்று சொல்லத் தோன்றும். கணக்கு அப்படி வராது. ஒருவர் பாடிய இடத்தில் அதே பலத்தோடு இருவர் பாடினால் ஒலிமட்டம் 3 டெசிபல்தான் ஏறும். பத்துப் பேர் பாடினால் 10 டெசிபல். காதுக்கு ‘இரட்டிப்புச் சத்தம்’ என்று படுவதற்கே ஏறக்குறைய 10 டெசிபல் ஏற வேண்டும். ஆகப் பத்துப் பேரைத் திரட்டினால் ஒருவரைப்போல் இரண்டு மடங்கு, நாற்பது பேரைத் திரட்டினால் மூன்று மடங்கு, நூறு பேரைத் திரட்டினால் நான்கு மடங்கு. சத்தத்துக்காக ஆள் சேர்ப்பது நஷ்ட வியாபாரம். அதற்கு ஒரு மைக் செட் போதும்.

இருந்தும் உலகம் முழுக்க ஆள் சேர்க்கிறார்கள். மெட்ராஸ் மியூசிகல் அசோசியேஷன் 1893-லிருந்து சேர்த்துக்கொண்டிருக்கிறது. நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்து ஆலயங்களில் டிசம்பர் வந்துவிட்டால் மாலைதோறும் கொயர் பிராக்டிஸ்தான். இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் 1970-களில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவைக் கட்டியெழுப்பி, பாரதியையும் மற்றவர்களையும் பல குரல் அடுக்குகளில் பாடவைத்தார். அதிகமும் தேவாலயத்துக்குள் இருந்த ஒரு கலை தமிழ்நாட்டில் வெளியே வந்து நின்றது பெரும்பாலும் அவரால்தான். இத்தனை பேரும் தேடிப் போனது சத்தத்தை அல்ல, ஒரு தன்மையை. அந்தத் தன்மை எங்கிருந்து வருகிறது என்பதில்தான் இயற்பியல் நுழைகிறது.

440 ஹெர்ட்ஸில் ஒரு குரல், 441-ல் இன்னொரு குரல். இரண்டும் சேர்ந்தால் நொடிக்கு ஒருமுறை ஒலி ஏறி இறங்கும். பள்ளிப் பாடப்புத்தகம் இதை விம்மல்கள் என்கிறது. இசைக்கவைகளை வைத்துச் செய்துகாட்டிவிட்டு அதோடு விட்டுவிடுகிறது. இரண்டு குரலுக்குப் பதிலாகப் பத்துக் குரலை வையுங்கள். ஒவ்வொருவரும் மற்றவரிடமிருந்து இம்மியளவு விலகியிருக்கிறார். எந்தக் குரலும் ஓரிடத்தில் அசையாமல் நிற்பதுமில்லை. எத்தனையோ விம்மல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக விழும்போது எந்த ஒரு விம்மலையும் காதால் பிரித்தெடுக்க முடியாது. மிஞ்சுவது ஒரு மினுமினுப்பு. அடிப்படை அதிர்வெண்ணில் அது மெதுவாகவும், மேற்சுரங்களில் வேகமாகவும் நடக்கும். காது இதை ‘பலர்’ என்று புரிந்துகொள்கிறது. கீபோர்டில் ‘கோரஸ்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அது செய்வதும் இந்த மோசடியைத்தான். ஒரே ஒலியைப் பிரதியெடுத்து, கொஞ்சம் தாமதித்து, சுருதியைக் கொஞ்சம் ஆட்டி, மூலத்தோடு கலந்துவிடுகிறது.

எவ்வளவு விலகலாம்? அரைச்சுரத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்குக்கு ஒரு சென்ட். ஸ்டாக்ஹோமின் கேடிஹெச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஸ்டென் டெர்ன்ஸ்ட்ரோம் பல ஆண்டுகள் இதை அளந்தார். 1989-ல் அவர் தந்த முனைவர் ஆய்வேட்டின் பொருளே சேர்ந்திசையின் ஒலியியல்தான். தொழில்முறையல்லாத நல்ல குழுக்களில் ஒரே பகுதியைப் பாடுகிறவர்களுக்கிடையே சிதறல் 10 முதல் 15 சென்ட் வரை இருக்கும். 440 ஹெர்ட்ஸில் 10 சென்ட் என்பது இரண்டரை ஹெர்ட்ஸ். வீணைக்காரருக்கு இது சகிக்காது. சேர்ந்திசையில் இதுதான் சதை. ஆனால் இந்தச் சதை அளவோடு இருக்க வேண்டும். சிதறல் இன்னும் பெருகினால் மினுமினுப்பு கலங்கலாகிவிடும். அந்த அளவைக் காப்பதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது, ஏனென்றால் பாடுகிறவருக்கு அது கேட்காது.

இதுதான் சேர்ந்திசையின் அடிப்படை விசித்திரம். மொத்தக் குழுவின் ஒலியை அந்தக் குழுவில் ஒருவர்கூடக் கேட்பதில்லை. நம் குரல் காற்றின் வழியாக மட்டுமல்ல, மண்டையோட்டு எலும்பின் வழியாகவும் நம் காதுக்கு வருகிறது. அடுத்து, இடப்பக்கத்தவரும் வலப்பக்கத்தவரும். மற்ற முப்பத்தேழு பேர் அதற்குப் பின்னால் எங்கோ ஒரு முழக்கம். டெர்ன்ஸ்ட்ரோம் இதற்கும் ஒரு அளவு வைத்தார்: தன் குரலுக்கும் மற்றவர் குரலுக்கும் உள்ள விகிதம். பாடகர்களை உட்காரவைத்து, எந்த விகிதம் வசதியாக இருக்கிறது என்று அவர்களையே திருகவைத்துப் பார்த்தபோது, சராசரியாகத் தன் குரல் 6 டெசிபல் அதிகமாகக் கேட்பதை விரும்பினார்கள். சுவாரசியம் சராசரியில் இல்லை. ஆளுக்கு ஆள் விருப்பம் வெகுவாக வேறுபட்டது, ஆனால் அவரவர் தம் விருப்பத்தில் உறுதியாக இருந்தார்கள். ஒருவருக்குத் தன் குரல் தூக்கலாகக் கேட்டால்தான் சுருதி நிற்கும். இன்னொருவருக்குத் தன் குரலே கேட்காமல் கூட்டத்தில் கரைந்தால்தான் நிம்மதி.

தன் குரல் கேட்காதபோது மனிதர் என்ன செய்வார்? கத்துவார். பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் 1911-ல் விவரித்த விளைவு இது. இரைச்சலுக்கு நடுவே நாம் அறியாமலே குரல் உயர்கிறது. கல்யாணப் பந்தியில் நாம் எல்லோரும் செய்வதுதான். கொயரில் இது சங்கிலியாக மாறும். ஒருவர் குரல் உயர்ந்தால் பக்கத்தவருக்குத் தன் குரல் கேட்காது, அவரும் உயர்த்துவார், அவருக்குப் பக்கத்தவரும். ஐந்து நிமிடத்தில் மொத்தக் குழுவும் தொண்டை நரம்பு புடைக்கப் பாடிக்கொண்டிருக்கும். “மெதுவா, மெதுவா” என்று கையைக் காட்டும் கொயர் மாஸ்டர் நோயின் அறிகுறிக்கு வைத்தியம் பார்க்கிறார். விவரமானவர் ஆட்களை நகர்த்துவார். தோளோடு தோள் ஒட்டி நிற்பவர்களை ஒரு முழம் விலக்கி நிறுத்தினால் தன் குரல் தானாகக் கேட்கத் தொடங்கும், சத்தம் இறங்கும். அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டாகெர்ட்டி செய்த சோதனைகளில் பாடியவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் இப்படி இடைவெளி விட்டு நிற்பது பிடித்திருந்தது. நம் ஊர் ஆலயங்களில் கொயர் பெஞ்சுகள் இருக்கும் நெருக்கத்தைப் பார்த்தால் இந்த ஆய்வு இங்கே வந்து சேரவில்லை என்றுதான் தோன்றுகிறது.

இன்னொரு தலைவலி, நல்ல பாடகர். பயிற்சி பெற்ற மேற்கத்திய ஆண் பாடகரின் குரலில் 3000 ஹெர்ட்ஸுக்குச் சற்று முன்பின்னாக ஒரு சக்திக் குவியல் உண்டு. யோஹான் சுந்த்பெரி என்ற ஸ்வீடன்காரர் இதை நுணுகி ஆராய்ந்தவர். முழு ஆர்கெஸ்ட்ராவின் பலம் 500 ஹெர்ட்ஸ் பக்கம் குவிந்திருக்கும். அங்கே மோதாமல், வாத்தியங்கள் தணிந்துபோகும் உயர் அதிர்வெண்ணில் தன் குரலைக் குவித்துக்கொண்டு, மைக் இல்லாமலே ஆப்பராப் பாடகர் கடைசி வரிசை வரை எட்டுகிறார். தனிப்பாட்டுக்கு இது வரம். சேர்ந்திசையில், துணியில் துருத்தி நிற்கும் நூல். சுந்த்பெரியும் டெர்ன்ஸ்ட்ரோமும் தாமஸ் ராசிங்கோடு சேர்ந்து, ஒரே பாடகர்களைத் தனியாகவும் குழுவாகவும் பாடவைத்து அளந்தார்கள். 1986-ல் வெளியான முடிவு: குழுவில் பாடும்போது அந்தக் குவியலைத் தணித்துக்கொள்கிறார்கள். அவர்கள் குரலைக் குறைப்பதில்லை, குரலின் வடிவத்தை மாற்றுகிறார்கள்.

வடிவம் என்றதும் உயிரொலிகளுக்கு வந்துவிடுகிறோம். ‘ஆ’ என்று பாடச் சொன்னால் ஒருவர் வாயைக் கிடைமட்டமாகவும் ஒருவர் நெடுக்காகவும் திறப்பார். இருவரும் ஒரே சுரத்தைத்தான் பிடிக்கிறார்கள், கருவி வைத்து அளந்தால் அதிர்வெண்ணும் ஒன்றுதான். ஆனாலும் சுருதி சேராததுபோல் கேட்கும். வாயறையின் வடிவம் வேறானால் எந்த மேற்சுரம் ஓங்கும் என்பதும் வேறாகிறது. காது அந்த முரணைச் சுருதிப் பிசகு என்று தப்பாகப் படித்துவிடுகிறது. “சுருதி சேரலை” என்று நாற்பது பேரை வாட்டுவதற்கு முன் “எல்லாரும் ஒரே ‘ஆ’ சொல்லுங்க” என்று கேட்டால் பாதிப் பிசகு மறைந்துவிடும். மெய்யொலிகளின் கதை வேறு. ‘ஸ்’ என்பதை ஒரே ஒருவர் முந்திக்கொண்டு சொன்னாலும் அரங்கு முழுக்கக் கேட்கும். தமிழில் பாடும்போது வல்லின இரட்டிப்பு கூடுதல் சோதனை. ‘வெற்றி’, ‘பட்டம்’, ‘பத்து’ எல்லாவற்றின் நடுவிலும் இருப்பது ஒலி அல்ல, காற்று அடைபட்ட ஒரு துளி மௌனம். நாற்பது பேரும் ஒரே கணத்தில் அடைத்து ஒரே கணத்தில் திறக்க வேண்டும். நாலு பேர் அடைக்காமல் விட்டால் அந்த மௌனம் இருக்காது, சொல்லும் இருக்காது.

இனி, கொயர் மாஸ்டர்களின் நிரந்தரப் புலம்பல். வாத்தியத் துணை இல்லாமல் பாடத் தொடங்குகிறார்கள். அருமையாகப் பாடுகிறார்கள். முடிந்ததும் ஆர்கனில் சுரத்தைத் தொட்டுப் பார்த்தால், பாட்டு ஏறக்குறைய அரைச்சுரம் கீழே வந்து நிற்கிறது. களைப்பு, சோம்பல், மூச்சுப் போதாமை என்று பாடகர்கள்மேல் பழி விழும். இவையெல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஆனால் ஒரு களைப்பும் இல்லாமல், எல்லோரும் மிகச் சரியாகப் பாடியதாலேயே சுருதி இறங்கவும் முடியும். இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ச-வில் தொடங்குவோம். கணக்கு வசதிக்காக அது 243 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் கீழே உள்ள த-வுக்கு இறங்குகிறோம். விம்மலே இல்லாத தூய இடைவெளி 6:5 விகிதம், ஆகவே த 202.5. அங்கிருந்து மேலே ரி-க்கு 4:3. அது 270. அங்கிருந்து கீழே ப-வுக்கு 3:2. அது 180. கடைசியாக மேலே ச-வுக்கு 4:3.

240.

கிளம்பியது 243, வந்து சேர்ந்தது 240. ஒவ்வொரு அடியும் பிசகில்லாத தூய இடைவெளி. யாரும் தப்புச் செய்யவில்லை. ஆனாலும் வீடு மூன்று ஹெர்ட்ஸ் கீழே இறங்கிவிட்டது. 81-க்கு 80 என்ற இந்த விகிதம் சுமார் 21.5 சென்ட். மேற்கத்திய இசையில் மிகச் சாதாரணமான இந்த நகர்வை ஒரு பாட்டில் ஐந்து முறை பாடினால் அரைச்சுரத்துக்கும் சற்று அதிகமாகவே இறங்கியிருப்போம். பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியக் கணித அறிஞர் ஜொவான்னி பத்திஸ்தா பெனெதெத்தி, இசையமைப்பாளர் சிப்ரியானோ தெ ரோரேவுக்கு எழுதிய கடிதங்களில் இதே வகைக் கணக்கைப் போட்டுக் காட்டினார். 1585-ல் அவை அச்சில் வந்தன.

குற்றவாளி நடுவில் இருக்கும் ரி. த-வோடு தூய்மையாக ஒட்டினால் அது ச-வின் 10/9 பங்கு. ப-வோடு ஒட்ட வேண்டுமென்றால் 9/8 பங்கு. நம் இசை நூல்கள் இந்த இரண்டு ரிஷபங்களையும் தனித்தனியாகப் பேசுகின்றன. கர்நாடக இசைக்கு இதனால் ஆபத்தில்லை. தம்புரா ச-வைக் கட்டிப்போட்டுவிடுகிறது, யாரும் வழி தவற முடியாது. சேர்ந்திசையில் தரையே நகர்கிறது. பியானோ இதை வேறு விதமாகத் தீர்த்தது: ஸ்தாயியைப் பன்னிரண்டு சமப் பங்காக வெட்டி, எல்லா இடைவெளிகளையும் கொஞ்சம் கொஞ்சம் தப்பாக்கிவிட்டது. பியானோவின் ச–க இடைவெளி தூய அளவைவிட 14 சென்ட் அகலம். பியானோவோடு பாடினால் பாட்டு இறங்காது, ஆனால் தூய இசைக்கூட்டின் அந்தப் பளபளப்பும் வராது. இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹோவர்ட், நால்வர் குழுக்களின் கழுத்தில் மின்முனைகளைப் பொருத்தி ஒவ்வொருவர் சுருதியையும் தனித்தனியே பதிவுசெய்து பார்த்தார். சுருதி மாறி மாறிச் செல்லும் பயிற்சிப் பாடல்களில் பாடகர்கள் தூய இடைவெளியை நோக்கிச் சாய்ந்தார்கள். அதற்கான விலையாகச் சுருதி நகர்ந்தது.

ஆக, நடத்துபவருக்கு ஒரு பேரம் இருக்கிறது. எந்த இசைக்கூட்டு நெடுநேரம் நிற்கிறதோ அங்கே தூய்மை. வேகமாகக் கடந்துபோகும் ரி-யைக் கொஞ்சம் தூக்கிப் பாடவைத்து அங்கே ஒரு சிறு உரசலைப் பொறுத்துக்கொள்வது. தூய்மையையும் நிலைத்த சுருதியையும் எல்லா இடத்திலும் ஒருசேரப் பெற முடியாது. எண்களே அனுமதிக்காது. இதைப் புரிந்துகொண்ட கொயர் மாஸ்டர் பாடகர்களைத் திட்டுவது குறையும் என்பது என் எண்ணம்.

தூய்மையின் உச்சம் என்ன செய்யும் என்று பார்க்க சார்டினியாத் தீவுக்குப் போக வேண்டும். காஸ்தெல்சார்தோ என்ற ஊரில் புனித வாரத்தின்போது, பகுதிக்கு ஒருவராக நான்கு ஆண்கள் தலைகள் ஏறக்குறைய இடிக்க நெருங்கி நின்று பாடுவார்கள். எல்லாம் கூடிவந்தால் ஐந்தாவதாக ஒரு குரல் கேட்கும், பெண்குரல்போல, நால்வருக்கும் மேலே. அந்த ஊர்க்காரர்கள் அதைக் குவின்தினா என்கிறார்கள். பிரெஞ்சு இசை மானிடவியலாளர் பெர்னார் லோர்தா-ஜாகோப் இதை விரிவாக ஆராய்ந்தார். மாயமில்லை. 100, 150, 200, 250 ஹெர்ட்ஸில் நான்கு குரல்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 600 ஹெர்ட்ஸில் முதல் குரலின் ஆறாம் சீரிசையும் (ஆறு மடங்கு அதிர்வெண்), இரண்டாமவரின் நான்காவதும், மூன்றாமவரின் மூன்றாவதும் வந்து ஒன்றாக விழுகின்றன. இப்படிக் குவியும் இடங்களை உயிரொலியின் வடிவமும் சேர்ந்து தூக்கிக்கொடுத்தால், காது அதைத் தனி ஆளாகக் கேட்கிறது. இதற்குச் சிதறல் கூடாது. ஒரு பகுதிக்குப் பத்துப் பேரை நிறுத்தினால் சீரிசைகள் கலைந்து குவின்தினா ஓடிவிடும். அந்த நால்வர் கேட்கும் அழகும் நாற்பது பேரின் மினுமினுப்பும் ஒரே அளவுகோலின் இரண்டு எதிர்முனைகள். எதுவும் எதற்கும் மேலானதல்ல, இரண்டையும் ஒரே குழுவிடம் கேட்காமலிருந்தால் சரி.

நடத்துபவரின் கை எதற்கு? நடத்துபவர் தாளத்தைக் காட்டுகிறார் என்பது பாதி விடை. ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும். பத்து மீட்டர் அகலக் குழுவில் ஒரு கோடியின் குரல் மறுகோடியை எட்ட நொடியில் நூறில் மூன்று பங்கு ஆகும். சமாளிக்கலாம். எஸ்தோனியாவின் தாலினில், பாட்டுத் திடலில் 1960-ல் கட்டப்பட்ட வளைவுக் கூரையின் கீழ் பல்லாயிரம் பேர் ஒன்றாக நிற்பார்கள். தார்த்து நகரில் 1869-ல் தொடங்கிய திருவிழாவின் தொடர்ச்சி அது. 1988 கோடையில் அதே திடலில் கூடிப் பாடியவர்கள் மூன்று ஆண்டில் சோவியத் ஆட்சியிலிருந்து நாட்டையே மீட்டார்கள். அத்தனை பெரிய குழுவில் ஐம்பது மீட்டர் தள்ளி நிற்பவரின் குரல் ஏழில் ஒரு பங்கு நொடி தாமதமாக வரும். நிமிடத்துக்கு 120 அடிகள் ஓடும் பாட்டில் அது ஒரு அடியில் கால்வாசியைத் தாண்டிவிடுகிறது. பக்கத்துக் குரலைக் கேட்டுப் பின்தொடர்ந்தால் தாமதம் அலையலையாகப் பெருகிப் பாட்டே சரிந்துவிடும். பாடகர் காதை நம்பாமல் கண்ணை நம்ப வேண்டும். நடத்துபவருக்கும் அதே விதி. பின்வரிசையின் ஒலிக்காக அவர் ஒருமுறை காத்திருந்தாலும் பாட்டு மந்தமாகிவிடும். அங்கே அவர் தன் காதையே மதிக்காமல் கையை ஓட்டவேண்டும்.

சிறு குழுவில் கையைவிட முக்கியமானது, பாட்டுக்கு முந்தைய அந்த ஒரு மூச்சு. கை மேலே எழும்போது நடத்துபவர் இழுக்கும் மூச்சைப் பார்த்து எல்லோரும் இழுக்கிறார்கள். அதன் வேகத்திலேயே பாட்டின் காலமும் பலமும் அடங்கியிருக்கும். மூச்சு ஒன்றானால் இதயமும் பின்தொடரும். மூச்சை உள்ளிழுக்கும்போது துடிப்பு சற்று விரைவதும் வெளிவிடும்போது தணிவதும் எல்லோருக்கும் உள்ள இயல்பு. பாட்டு என்பது வெளிவிடும் மூச்சைக் கட்டுப்படுத்துவதுதானே. கோத்தன்பெர்கில் பியோர்ன் விக்ஹோஃப் குழுவினர் பதினெட்டு வயது மாணவர்களிடம் சோதித்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில், சேர்ந்து பாடும்போது இதயத்துடிப்பின் ஏற்ற இறக்கங்கள் ஒன்றுக்கொன்று இசைந்தன. அதற்கு இரண்டாண்டு முன்பே பெர்லினில் விக்டர் ம்யூல்லரும் உல்மன் லிண்டன்பெர்கரும் பதினொரு பாடகரையும் ஒரு நடத்துநரையும் அளந்து இதையொத்த முடிவைக் கண்டிருந்தார்கள். எல்லோரும் ஒரே மெட்டைப் பாடும்போது இசைவு கூடுதல், பல பகுதிகளாகப் பிரிந்தால் குறைவு. ‘பாடினால் இதயங்கள் ஒன்றாகின்றன’ என்று செய்தித்தாள்கள் உருகின. நடந்தது அவ்வளவு பெரிய அதிசயமில்லை. ஒரே இடத்தில் மூச்சு வாங்குகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் முன்பின் அறியாத நாற்பது பேரை ஒரே இடத்தில் மூச்சு வாங்கவைக்க வேறு எத்தனை வழி இருக்கிறது?

கேட்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. முதல் வரிசையில் உட்கார வேண்டாம். அங்கே இரண்டு சொப்ரானோவும் ஒரு பேஸும்தான் கேட்கும். அரங்கின் நடுவுக்குச் சற்றுப் பின்னால், குரல்கள் ஒன்றோடொன்றும் சுவர்களின் எதிர்முழக்கத்தோடும் கலந்தபின் கேளுங்கள். மேல்மெட்டு தானாகவே காதில் விழும், அதற்கு முயற்சி வேண்டாம். ஆல்டோவையோ டெனரையோ பிடித்துக்கொண்டு ஒரு பாட்டு முழுக்கப் பின்தொடர்ந்து பாருங்கள். இது கடினமாக இருந்தால் ஜேனட் கார்டிஃப் என்ற கனடியக் கலைஞர் 2001-ல் செய்ததைப் பாருங்கள். தாமஸ் தாலிஸ் பதினாறாம் நூற்றாண்டில் நாற்பது தனித்தனிப் பகுதிகளுக்கு எழுதிய ‘ஸ்பெம் இன் ஆலியம்’ பாடலை, பகுதிக்கு ஒரு மைக் வைத்துப் பதிவுசெய்து, நாற்பது ஒலிபெருக்கிகளை நீள்வட்டமாக நிறுத்தினார். நடுவில் நின்றால் முழுக் குழு. ஒரு பெட்டிக்கு அருகே போனால் ஒரே ஒரு மனிதர், அவர் மூச்சுச் சத்தம் உட்பட. பாட்டுக்கு இடையே இருமலும் அரட்டையும்கூடக் கேட்கும். தாலிஸின் காலத்தில் யாருக்கும் கிடைக்காத நாற்காலி அது.

ஆனால் கார்டிஃப் நாற்பது மைக்குகளை நாற்பது பெட்டிகளுக்குத்தான் அனுப்பினார். நம் மேடைகளில் நாலு பேருக்கு ஒரு மைக் என்று உதட்டருகே நிறுத்தி, எல்லாவற்றையும் மேடையின் இரு பக்கமும் உள்ள பெட்டிகளில் திணிக்கிறோம். மைக்குக்கு நெருங்கியவர் தனிப்பாடகர் ஆகிவிடுகிறார், மற்றவர் காணாமல் போகிறார். நடத்துபவர் மூன்று மாதம் காதால் நெய்த சமநிலையை மிக்சரில் இருப்பவர் மூன்று நிமிடத்தில் மாற்றி எழுதிவிடுகிறார். மைக் தவிர்க்க முடியாத அரங்கானால், இரண்டு மைக் போதும்: குழுவுக்கு முன்னே இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, தலைக்கு மேல் உயரத்தில், நடத்துபவரின் காதுக்கு ஏறக்குறைய நேர் மேலே.